பிளாஸ்டிக் தின்னும் புழுக்கள்: அந்தமான் குப்பைக்குத் தீர்வாகுமா?

புதுதில்லி: கிரேட் நிகோபார் தீவின் ஐந்து கடற்கரைகளில் 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒதுங்கிக் கிடந்த பிளாஸ்டிக் குப்பைகளை ஆராய்ச்சியாளர்கள் சேகரித்து, அவற்றின் மீது அச்சிடப்பட்டிருந்த எழுத்துகளைக் கொண்டு அவை எந்த நாட்டைச் சேர்ந்தவை எனக் கணக்கிட்டனர். பத்து நாடுகளின் பெயர்கள் கிடைத்தன. மலேசியாவின் பங்கு சுமார் 40 சதவீதம். இந்தோனேசியா ஏறத்தாழ 24 சதவீதம், தாய்லாந்து 16 சதவீதம். இந்தியாவில் தயாரானவை என்று அடையாளம் காணப்பட்டவை 2 சதவீதத்தைச் சற்றே தாண்டின.

வங்கக் கடலின் தென்கிழக்கு மூலையில், மலாக்கா நீரிணையின் வாயிலில் அமைந்துள்ள தீவு அது. உலகின் மிக நெரிசலான கப்பல் தடங்களுள் ஒன்று அதன் அருகே செல்கிறது. அங்கிருந்து சுமத்ரா தீவு, சென்னையைக் காட்டிலும் பல மடங்கு அருகில் உள்ளது. எனவே கடல் நீரோட்டம் கொண்டு வந்து சேர்க்கும் குப்பைக்கு இந்தியச் சட்டத்தில் பொறுப்பாளி என எவரும் இல்லை.

தெற்கு அந்தமானின் நிலைமை வேறு. சுற்றுலாப் பயணிகளும், மீன்பிடித் தொழிலும், நகரக் கழிவும் சேர்ந்து அங்குள்ள கடற்கரை மணலில் பிளாஸ்டிக் நுண்துகள்களாகப் படிந்து வருகின்றன. புதுச்சேரி பல்கலைக்கழகத்தின் சூழலியல், சுற்றுச்சூழல் அறிவியல் துறையினர் பங்கேற்ற ஆய்வு ஒன்று 2020-ஆம் ஆண்டு வெளியானது. தெற்கு அந்தமான் கடற்கரைகளின் மணலில் ஒரு கிலோவுக்குச் சராசரியாக 400-க்கும் மேற்பட்ட நுண்துகள்கள் இருப்பதை அது தெரிவித்தது. கண்ணுக்குப் பளிங்கு போலத் தெரியும் கடற்கரை அது.

இதே துறையைச் சேர்ந்தவர்கள்தான், அதற்கு ஓராண்டு முன்னதாக, முற்றிலும் வேறு திசையில் மற்றொரு ஆய்வை வெளியிட்டிருந்தனர். பேராசிரியை சுஜா பி.தேவிப்ரியா தலைமையிலான அந்தக் குழு, தேன்கூடுகளைப் பாழாக்கும் ஒரு சிறு பூச்சியின் புழுக்களுக்கு அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கை உணவாகக் கொடுத்துப் பார்த்தது. புழுக்கள் அதைத் தின்றன. தின்றதோடு நிற்கவில்லை. கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாக வெளிவந்து, முட்டையிட்டு, அடுத்த தலைமுறையையும் உருவாக்கின.

மணலில் உள்ள துகள்களை எண்ணிய துறையே அவற்றைத் தின்னும் புழுவையும் சோதித்துப் பார்த்தது என்பதால், இரண்டையும் இணைத்துப் பார்க்கத் தோன்றுவது இயல்பே. அந்த இணைப்பு எந்த அளவுக்குச் சாத்தியம் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

தேன்கூட்டின் எதிரி: மார்த்தாண்டம் வட்டாரத்தில் தேனீ வளர்ப்போருக்கு மெழுகு அந்துப்பூச்சி புதிதல்ல. பெரிய வகை, சிறிய வகை என இரண்டு உண்டு. தேனீக்கள் வலுவிழந்த பெட்டியில் இரவு நேரத்தில் நுழைந்து முட்டையிடும். வெளிவரும் புழுக்கள் அடையில் சுரங்கம் குடைந்து, நூலாம்படை போன்ற இழைகளைப் பின்னி, சில வாரங்களில் முழு அடையையும் சல்லடையாக்கி விடும். புதுச்சேரி ஆய்வில் பயன்பட்டது சிறிய வகை. உலகின் கவனத்தை முதலில் ஈர்த்தது பெரிய வகை.

ஸ்பெயின் நாட்டின் சான்டாண்டர் நகரில் பணியாற்றிய ஃபெடரிக்கா பெர்டோக்கினி என்ற உயிரியல் ஆய்வாளர், பொழுதுபோக்காகத் தேனீ வளர்ப்பவர். பெட்டியைச் சுத்தம் செய்தபோது எடுத்த புழுக்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்தார். சற்று நேரத்தில் பை முழுதும் ஓட்டைகள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பாவ்லோ பொம்பெல்லி, கிறிஸ்டோபர் ஹோவ் ஆகியோருடன் சேர்ந்து அவர் 2017 ஏப்ரலில் வெளியிட்ட ஆய்வின்படி, சுமார் 100 புழுக்கள் 12 மணி நேரத்தில் 92 மில்லிகிராம் பிளாஸ்டிக்கைக் காலி செய்தன.

மெழுகுக்கும் பிளாஸ்டிக்குக்கும் என்ன தொடர்பு? பாலிஎத்திலீன் என்பது கார்பன் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மிக நீண்ட சங்கிலி. தேன்மெழுகிலும் அத்தகைய சங்கிலிகள் உண்டு, நீளம்தான் குறைவு. பல லட்சம் ஆண்டுகளாக மெழுகைச் செரித்துப் பழகிய உயிரினம், அதன் தூரத்து உறவினரான பிளாஸ்டிக்கையும் கடித்துப் பார்ப்பதில் வியப்பில்லை. கடிப்பது வேறு, செரிப்பது வேறு. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பெர்டோக்கினியின் ஆய்வு வெளியான சில மாதங்களிலேயே ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் மறுப்பு எழுதினர். பிளாஸ்டிக் சிதைந்ததற்குச் சான்றாகக் காட்டப்பட்ட நிறமாலைக் கோடுகள், பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டியிருந்த புழுவின் உடற்பொருளில் இருந்தே வந்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். அதை நிரூபிக்க அவர்கள் முட்டையின் மஞ்சள் கருவையும் அரைத்த பன்றி இறைச்சியையும் கலந்து பிளாஸ்டிக்கின் மேல் பூசி, ஏறத்தாழ அதே கோடுகளைப் பெற்றுக் காட்டினர். அறிவியல் இதழ்களில் இத்தனை சமையலறை வாசனையோடு ஒரு மறுப்பு வருவது அபூர்வம்.

ஆனால் அந்தக் கேள்வி கிண்டலாகத் தள்ளிவிடக்கூடியது அன்று. புழு பிளாஸ்டிக்கை மென்று தூளாக்கி மறுமுனையில் வெளியேற்றுகிறது என்றால், ஒரு பை பல ஆயிரம் நுண்துகள்களாக மாறுகிறது என்று பொருள். அந்தமான் மணலில் ஏற்கெனவே உள்ளதும் அதுவே.

குடலுக்குள் நடப்பது: இதற்கான விடையைத் தேடியவர்களுள் சீன ஆய்வாளர்கள் முன்னோடிகள். பெய்ஜிங்கின் பெய்ஹாங் பல்கலைக்கழகத்தினர், தானியங்களில் காணப்படும் ஒருவகை அந்துப்பூச்சிப் புழுவின் குடலிலிருந்து பாலிஎத்திலீனைத் தாக்கும் இரண்டு பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்ததாக 2014-இல் அறிவித்தனர். அடுத்த ஆண்டு, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெய்-மின் வூவுடன் இணைந்து வெளியிட்ட ஆய்வுதான் இத்துறையின் திருப்புமுனை.

மாவுப் புழு எனப்படும் வண்டின் புழுக்களுக்கு அவர்கள் தெர்மோகோலை மட்டுமே உணவாகக் கொடுத்தனர். நூறு புழுக்கள் நாளொன்றுக்கு 34 முதல் 39 மில்லிகிராம் வரை தின்றன. பதினாறு நாள் சோதனையில், உட்கொண்ட கார்பனில் 47.7 சதவீதம் கரியமில வாயுவாக வெளியேறியது. சுமார் 49 சதவீதம் எச்சத்தில் சேர்ந்தது. புழுவின் உடலில் சேர்ந்தது அரை சதவீதமே. பிறகு புழுக்களுக்கு ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களை அழித்தனர். தின்பது தொடர்ந்தது, ஆனால் தெர்மோகோலின் மூலக்கூறுச் சங்கிலியை அறுக்கும் திறன் புழுவிடமிருந்து போய்விட்டது.

ஆக, புழு ஓர் அரவை இயந்திரம். அதன் வயிற்றுக்குள் உள்ள நுண்ணுயிர்களே தொழிலாளர்கள். மென்று துண்டாக்கப்பட்ட பிளாஸ்டிக்கின் மீது அவை படலமாகப் படிந்து, நொதிகளைச் சுரந்து, பரப்பில் குழிகளை உண்டாக்கி, சங்கிலியைச் சிறு சிறு கண்ணிகளாக வெட்டுகின்றன. குடலின் ஈரமும் வெப்பமும் ஓயாத அசைவும் அவற்றுக்குத் துணை. திறந்த வெளியில் ஆண்டுக்கணக்கில் நடக்காதது குடலுக்குள் ஒரு நாளில் தொடங்கிவிடுகிறது.

மாவுப் புழுவின் குடலில் கிடைத்த முக்கியப் பாக்டீரியாவின் பேரினம் எக்சிகுவோபாக்டீரியம். தலைநகர் தில்லியை ஒட்டிய கிரேட்டர் நொய்டாவில் உள்ள சிவ நாடார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் வளாகத்துச் சதுப்பு நிலத்திலிருந்து இதே பேரினத்தின் இரு வகைகளைப் பிரித்தெடுத்தனர். அவை தெர்மோகோல் வகைப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை மாற்றிச் சிதைவைத் தொடங்கி வைப்பதாக 2018-இல் வெளியிட்டனர். அதற்குப் புழுவே தேவைப்படவில்லை.

மெழுகுப் புழுவின் கதையில் மட்டும் இந்த விளக்கம் முழுமையாகப் பொருந்தவில்லை. 2022 அக்டோபரில் பெர்டோக்கினியின் குழு அதன் எச்சிலில் இரண்டு நொதிகளைக் கண்டறிந்து, கிரேக்க, ரோமானிய விளைச்சல் தெய்வங்களின் நினைவாக டெமெட்ரா, செரெஸ் எனப் பெயரிட்டது. பிளாஸ்டிக் சிதைவின் முதற்படி, அதன் சங்கிலியில் ஆக்சிஜன் புகுவது. வெயிலும் மழையும் பல ஆண்டுகள் செய்யும் அந்த வேலையை, இந்த எச்சில் சாதாரண அறை வெப்பத்தில் சில மணி நேரத்தில் செய்து முடிப்பதாக அக்குழு தெரிவித்தது. எச்சில் பூட்டைத் திறக்கிறது, குடல் நுண்ணுயிர்கள் உள்ளே புகுகின்றன என்று கொள்ளலாம். இரண்டில் எதன் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் ஓயவில்லை.

கணக்கு சொல்வது என்ன? ஆய்வகச் செய்திகளைப் படிக்கும்போது எழும் உற்சாகம், பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டால் சற்றுத் தணிகிறது. ஒரு சாதாரணக் கைப்பையின் எடை ஐந்து கிராம் என்று வைத்துக்கொண்டால், 2017-ஆம் ஆண்டு ஆய்வின் வேகத்தில் நூறு மெழுகுப் புழுக்கள் அதைத் தின்று முடிக்க ஏறத்தாழ 27 நாள்கள் ஆகும். ஒரு டன் தெர்மோகோலை ஒரே நாளில் தீர்க்க வேண்டுமானால் சுமார் 270 கோடி மாவுப் புழுக்கள் வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கைப்படி 2020-21-இல் நாட்டில் உருவான பிளாஸ்டிக் கழிவு மட்டும் 41 லட்சம் டன்னுக்கும் அதிகம்.

புழுக்களின் நலமும் கவலைக்குரியதே. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தினர் 2022-இல் பெரும்புழு எனப்படும் மற்றொரு வண்டுப் புழுவைத் தெர்மோகோலில் வளர்த்தனர். அவை உயிர் வாழ்ந்தன, சிறிதளவு எடையும் கூடின. ஆனால் அவற்றின் குடலில் இருந்த நுண்ணுயிர்களின் பன்மை குறைந்து, நோய் உண்டாக்கக்கூடிய வகைகள் தலைதூக்கின. வெறும் பிளாஸ்டிக் என்பது பட்டினிச் சோறு. புதுச்சேரி ஆய்விலும், தேன்மெழுகு அடையைச் சேர்த்துக் கொடுத்தபோதுதான் புழுக்கள் பிளாஸ்டிக்கை அதிகம் தின்றன. கென்யத் தலைநகர் நைரோபியில் இயங்கும் பன்னாட்டுப் பூச்சியியல் ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வும், தவிட்டோடு சேர்த்துக் கொடுத்தால் மாவுப் புழு இனங்கள் நன்றாகத் தின்று நீண்ட நாள் வாழ்கின்றன என்றே கூறுகிறது.

பிளாஸ்டிக்கில் சேர்க்கப்படும் வேதிப்பொருள்கள் மற்றொரு தலைவலி. தெர்மோகோல் தீப்பற்றாமல் இருக்கச் சேர்க்கப்படும் நச்சுப்பொருள் ஒன்று புழுவின் உடலில் தங்காமல் ஒரு நாளுக்குள் பெரும்பகுதி வெளியேறிவிடுவதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வு 2019-இல் காட்டியது. புழுவுக்கு அது நல்ல செய்தி. எச்சத்தை அள்ளி உரமாக வயலில் போட நினைப்பவருக்கு அன்று.

தீவின் பழைய பாடங்கள்: இவை எங்கும் உள்ள தடைகள். அந்தமானுக்கு மட்டுமே உரிய தடை ஒன்று உண்டு. வெளியிலிருந்து உயிரினங்களைக் கொண்டு வந்து அந்தத் தீவுகள் பட்ட பாடு கொஞ்சமன்று. பிரிட்டிஷார் கொண்டு வந்து விட்ட புள்ளிமான்கள், அவற்றை வேட்டையாட விலங்கு ஏதும் இல்லாததால் பெருகிக் காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்து தீர்த்தன. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் ஆக்கிரமித்திருந்த காலத்தில் வந்து சேர்ந்த ஆப்பிரிக்கப் பெரு நத்தை, இன்றளவும் தோட்டப் பயிர்களை அழித்து வருகிறது. மரம் இழுக்கக் கொண்டு போன யானைகள், நிறுவனம் கைவிட்டுச் சென்றபின் இன்டர்வியூ தீவில் காட்டு யானைகளாக மாறின.

இந்தப் பட்டியலில் மெழுகு அந்துப்பூச்சியைப் பண்ணை அளவில் சேர்ப்பது விபரீதமாகும். அது தேனீயின் பகை. அந்தமான் காடுகளில் மலைத்தேனீக்கள் உள்ளன. தேன் எடுப்பது ஜாராவா, ஓங்கே பழங்குடியினரின் வாழ்வோடு கலந்தது. ஓங்கே மக்கள் ஒரு காட்டுச் செடியை மென்று, அதன் சாற்றை உடலில் பூசித் தேனீக்களை விலக்கித் தேன் எடுக்கும் முறையை அறிவியல் உலகம் 1980-களிலேயே வியந்து பதிவு செய்துள்ளது. பிளாஸ்டிக்கைத் தின்ன வளர்க்கும் பூச்சி கூண்டிலிருந்து தப்பினால், அது முதலில் நாடுவது கடற்கரையில் கிடக்கும் மலேசியப் பாட்டிலையா, காட்டிலுள்ள தேனடையையா என்பதை விளக்கத் தேவையில்லை. பயிருக்குக் கேடான பூச்சிகளை ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்வதைத் தடுக்கும் அதிகாரம் 1914-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அரசுக்கு உண்டு.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. கடற்கரையில் அதிகம் ஒதுங்கும் குடிநீர், குளிர்பானப் பாட்டில்கள் பாலிஎத்திலீனோ தெர்மோகோலோ அல்ல. பெட் எனப்படும் வேறொரு வகை. அதைச் சிதைக்கும் பாக்டீரியாவை ஜப்பானின் சக்காய் நகரில் பாட்டில் மறுசுழற்சி நிலையம் ஒன்றின் அருகிலிருந்து எடுத்து 2016-இல் அறிவித்தனர். பிரான்சின் கார்பியோஸ் நிறுவனம் நொதி ஒன்றைத் திருத்தியமைத்து, பத்து மணி நேரத்தில் 90 சதவீதம் வரை பெட் பிளாஸ்டிக்கை மூலப்பொருளாகப் பிரித்துக் காட்டியது 2020-இல். அதற்குச் சுமார் 72 டிகிரி வெப்பம் வேண்டும். புழுவின் வயிற்றில் அது இராது.

புழுவை விட்டு அதன் குடலை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழியும் திறந்துள்ளது. சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் காவ் பின் தலைமையிலான குழு, பெரும்புழுக்களுக்கு மூன்று வகைப் பிளாஸ்டிக்கை 30 நாள்கள் கொடுத்து, பின்னர் அவற்றின் குடல் நுண்ணுயிர்களைப் பிரித்துக் கண்ணாடிக் குடுவையில் ஆறு வாரங்கள் வளர்த்தது. குடுவையில் பிளாஸ்டிக்கை விரும்பும் நுண்ணுயிர்கள் பெருகின. "செயற்கைப் புழுக்குடல்" என்று பெயர் பெற்ற இம்முறை 2024-இல் வெளியானது. தீவுகளுக்கு ஏதேனும் பொருந்துமென்றால் பூச்சியைத் திறந்து விடாத இத்தகைய மூடிய கலன்தான் பொருந்தும். நிகோபாரில் ஒதுங்கும் குப்பையில் சிங்கப்பூரின் பெயரும் இருப்பதால், கைகோத்து ஆராய்வதற்கு அந்த நாட்டுக்கும் காரணம் உண்டு.

சட்டம் எங்கே நிற்கிறது? 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை மட்டுமே பயன்படும் தட்டு, குவளை, உறிஞ்சுகுழல் உள்ளிட்ட பொருள்களுக்கு நாடு முழுவதும் தடை வந்தது. பாட்டில்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றுக்கு, தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும் வணிகப் பெயரின் உரிமையாளரும் கழிவைத் திரும்பப் பெற வேண்டும் என்ற விரிவாக்கப்பட்ட பொறுப்பு முறை 2022 பிப்ரவரியில் வகுக்கப்பட்டது. கடலில் மிதந்து வரும் பாட்டிலுக்கு இந்தியாவில் தயாரிப்பாளரும் இல்லை, இறக்குமதியாளரும் இல்லை. போர்ட் பிளேர் என்ற பெயரை 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றிய தலைநகரில் விற்கும் பாட்டிலுக்குப் பொறுப்பாளி உண்டு. ஆனால் சென்னையிலிருந்து கடல்வழியில் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தீவிலிருந்து காலிப் பாட்டிலைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பும் செலவை யார் ஏற்பது என்பது விலைப் பட்டியலில் வராத கேள்வி.

புழுக்களைப் பற்றிய ஆய்வுக்கு நேரடியாகத் தொடர்புடைய விதி 2024 மார்ச்சில் வந்தது. பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் செய்யப்பட்ட அந்தத் திருத்தத்தின்படி, உயிரிகளால் மட்கக்கூடியது என்று ஒரு பிளாஸ்டிக்கை அழைக்க வேண்டுமானால், அது நுண்துகள் எதையும் மிச்சம் வைக்காமல் சிதைய வேண்டும். அவ்விதி எழுதப்பட்டது பொருளைத் தயாரிப்போருக்காகவே. எனினும் அதே அளவுகோலைப் புழுவுக்கும் வைத்துப் பார்த்தால், உண்டதில் பாதியை எச்சமாக விடும் மாவுப் புழு தேர்ச்சி பெறுவது கடினம்.

அந்தமான், நிகோபார் தீவுகளுக்கு மக்களவையில் ஒரே ஓர் இடம். மாநிலங்களவையில் இடமே இல்லை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கு 3.8 லட்சம் பேர் வசித்தனர்; தமிழர்களும் அவர்களில் கணிசமானோர். கிரேட் நிகோபாரில் துறைமுகமும் விமான நிலையமும் நகரியமும் அமைக்கும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி அளிக்கப்பட்டது. சில ஆயிரம் பேர் வாழும் அந்தத் தீவின் மக்கள்தொகை திட்டம் நிறைவுறும்போது 3.5 லட்சமாகும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. தோல்முதுகுக் கடலாமைகள் முட்டையிடும் கலாத்தியா விரிகுடாவில்தான் அந்தத் துறைமுகம் அமையவுள்ளது. அப்போது குப்பையில் இந்தியாவின் பங்கு 2 சதவீதத்தில் நிற்காது.

நாடுகளுக்கிடையே கடல் கடந்து வரும் பிளாஸ்டிக்குக்கு வரம்பு கட்ட, ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவை 2022 மார்ச்சில் தீர்மானம் நிறைவேற்றியது. ஒப்பந்தத்தை இறுதி செய்ய 2024 இறுதியில் தென் கொரியாவின் பூசான் நகரிலும், 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் நடந்த பேச்சுகள் இரண்டும் முடிவு எட்டாமல் கலைந்தன. பிளாஸ்டிக் உற்பத்திக்கே உச்சவரம்பு விதிப்பதா, கழிவு மேலாண்மையோடு நிறுத்திக் கொள்வதா என்பதில்தான் இழுபறி. உற்பத்தி குறையாத வரையில் கழிவைக் கரைக்கும் புழுக்களின் வேகம் பின்தங்கியே இருக்கும் என்பதை மேற்கண்ட 270 கோடிக் கணக்கே காட்டுகிறது. நிகோபார் கரையில் ஒதுங்கும் பாட்டில்களை இப்போதைக்குக் கையால் பொறுக்கிச் சாக்கில் கட்ட வேண்டியுள்ளது.